ஆட்டிப் பார்க்காதே

என் அண்ணன் எலக்ட்ரீஷியன். ஸ்க்ரூவை முறுக்கியதும் வயரை ஒரு இழு இழுத்துப் பார்க்காமல் எந்த ஸ்விட்ச் போர்டையும் மூட மாட்டார். அவர் மாட்டிய வயர் இதுவரை கழன்றதில்லை. அந்தப் பழக்கம்தான் என் உயிரை வாங்கியது.

ஏணியிலிருந்து விழுந்து முன்பல் போனதிலிருந்து அவர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். போகிற வீட்டிலெல்லாம் கலகலவென்று பேசுகிற மனிதர் அப்படிச் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான் பல் டாக்டர். என் கையாலேயே இம்ப்ளான்ட் வைத்தேன். தாடை எலும்புக்குள் ஒரு சின்னத் திருகு, அதன் மேல் தற்காலிகமாக ஓர் உலோக மூடி. எலும்பு திருகைப் பற்றிய பிறகுதான் பல். அந்த இடத்தில் அவருக்கு எலும்பு மெல்லியது. இது கழன்றால் இன்னொன்று வைக்க வழியில்லை.

பிடிப்பை அளக்கும் மிஷின் அன்று எழுபதுக்கு மேல் காட்டியது.

"சிக்குன்னு இருக்குல்ல? இன்னைக்கே பல்லை மாட்டிடு," என்றார்.

"இது திருகோட பிடிப்பு. எலும்போட பிடிப்பு இனிமேதான் வரணும். நடுவுல கொஞ்சம் தளரும். அப்ப சும்மா விட்டாத்தான் வருஷக்கணக்கா நிக்கும்."

தலையாட்டினார். எங்கள் குடும்பத்தில் தலையாட்டுவதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

அடுத்த மாதம் ஐம்பதுக்கு வந்துவிட்டது. தளரும்தான், இவ்வளவு தளரக் கூடாது.

"எதையாவது கடிச்சியா?"

"சத்தியமா இல்ல. வயரைக்கூட பல்லால உரிக்கல."

ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடிக்கல. தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு, ரெண்டு விரலால புடிச்சு ஆட்டிப் பாக்குறாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவிருக்கா உனக்கு?" என்று நான் கேட்டது வெளியே காத்திருந்தவர்கள் வரை கேட்டிருக்கும்.

"கெட்டியா இருக்கான்னு செக் பண்ண வேணாமா?" என்றார் பாவமாக.

"பண்ணிப் பண்ணித்தான் லூசாக்கி வச்சிருக்க."

அவர் முகம் செத்துவிட்டது. பயம் எனக்கும்தான். ஆனால் இதைப் போகவிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். துருத்திக்கொண்டிருந்த மூடியைப் பதமாகக் கழற்றினேன். தட்டையான மூடியைப் போட்டு, அதன் மேல் ஈறை இழுத்துத் தைத்தேன். விரலுக்குப் பிடிக்க இனி ஒன்றும் இல்லை.

"இப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றார்.

"தெரிஞ்சுக்காம இரு."

அவர் இருந்தார். எனக்குத்தான் இருக்க முடியவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஈறைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. நாள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாதங்கள் கழித்துத் திறந்தேன். எழுபத்தைந்து. நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன். அதேதான். அழுகை வந்தது, மாஸ்க் மறைத்துவிட்டது.

ஈறு ஆறியதும் பல்லை மாட்டினேன்.

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"ஒழுங்கா துலக்கு. உன்னைவிட ஜாஸ்தி நாள் நிக்கும்."

சொல்லிக்கொண்டே என் கை தானாகப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புதுப் பல்லைப் பிடித்தேவிட்டன. அண்ணன் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார்.

"அதான் மிஷினே சொல்லிடுச்சுல்ல. கையை எடு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிடித்த பிடியை விடவில்லை. வாயைப் பொத்த அவருக்குக் கை மிச்சமில்லை.