சீரில் வந்த தள்ளுவண்டி

தங்கை வனிதாவின் மகளுக்குக் காதுகுத்து. விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் புகுந்த வீட்டுக்குத் தாய்மாமன் சீர் மேளத்தோடு போனபோது, எல்லாத் தட்டுகளுக்கும் முன்னால் போனது வெற்றிசெல்வன் வாங்கிய குழந்தைத் தள்ளுவண்டிதான். வெள்ளை இருக்கை, மினுமினுக்கும் கம்பி. இரண்டு பேர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். சக்கரம் தரையில் படவே இல்லை. மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும், இந்தப் பேர் நிலைக்க வேண்டும் என்று மலை இருந்த திசையைப் பார்த்து முருகனை வேண்டிக்கொண்டான்.

அதை வாங்கிய அன்று, புதுக்கோட்டைக் கடையில் விற்பனைக்கு நின்ற இசைவாணி என்னென்னவோ கேட்டாள். வாசல் வரை தார் ரோடு உண்டா, பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருக்குமா, பிள்ளை என்ன எடை. பெரிய சக்கரத்தோடு, ஒரு கையால் மடக்கக்கூடிய நீல வண்டி ஒன்றையும் எடுத்துக் காட்டினாள். பிரசவத்துக்குப் பிறகு வனிதாவுக்கு இடுப்பு வலி. பிள்ளையைச் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவன் கடைக்கே வந்தான். ஆனாலும், “சபையில வைக்கிறதுங்க, எடுப்பா இருக்கணும்” என்று வெள்ளையையே எடுத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் தங்கையைப் பார்க்கக் கிளம்பினான். பஸ்ஸில் வனிதாவின் நாத்தனார் மோகனப்ரியா இருந்தாள். அண்ணன் தந்த வண்டி இல்லாமல் பிள்ளை வெளியே போவதே இல்லை என்று வனிதா போனில் ஓயாமல் சொல்கிறாளாம். அவன் பூரித்துப்போனான்.

வீட்டில் நுழைந்தால், வண்டி மூலையில் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. மேலே மடித்த துணிகள். வனிதா பிள்ளையை இடுப்பில் வைத்து, மறுகையால் முதுகைப் பிடித்தபடி தடுப்பூசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். உறை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டான். அழுக்காகிவிடும் என்று மழுப்பினாள். அவனுக்குச் சுருக்கென்றது. “புள்ளைய அதுல வையி, நான் தள்ளுறேன்.”

தெருவெல்லாம் சரளைக்கல். சின்னச் சக்கரங்கள் பத்தடிக்கு ஒருமுறை சிக்கின. பிள்ளை குலுங்கிக் குலுங்கி வீறிட்டது. வனிதா மறுபடி அதை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். டவுன் பஸ் வந்தபோது அவன் இரண்டு கையாலும் ஒரு காலாலும் அமுக்கிப் பார்த்தான், வண்டி மடங்கவில்லை.

“அண்ணே, தேர இங்கிட்டு ஏத்த முடியாதுண்ணே” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. வெற்றிசெல்வன் தலைகுனிந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

புழுதி அடங்கிய பிறகு கேட்டான். “இது ஆகாதுன்னு எப்பத் தெரியும் ஒனக்கு?”

“மொத நாளே.”

“ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“அம்புட்டுப் பேரு முன்னாடி தலையில வச்சுத் தூக்கியாந்தியேண்ணே. அதை எப்படி நான் கீழ எறக்குறது?”

இரண்டு மாதமாக அந்த வலிக்கிற இடுப்பில் இவள் பிள்ளையோடு அண்ணன் மானத்தையும் அல்லவா சுமந்திருக்கிறாள். அதற்காகப் பொய்யும் சொல்லியிருக்கிறாள். அன்று முருகனிடம் தான் வேண்டியதில் இவள் இடுப்பு வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கூடவே போய் ஊசி போட்டுக் கொண்டுவந்து விட்டான். பிறகு ஒரு லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனான்.

“தப்பா வாங்கிட்டேங்க. அன்னைக்கு நீங்க கேட்டதையெல்லாம் திரும்பக் கேளுங்க” என்றான். இசைவாணி சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். சக்கரத்தில் இருந்த புழுதியைத் தானே துடைத்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“பிள்ள என்ன எடை சார்?”

காதுகுத்தன்று மடியில் உட்கார வைத்திருந்தவன் அவன்தான். இன்று காலை தோளில் சுமந்தவனும் அவன்தான். தெரியவில்லை. முகம் கன்றிப்போய் போனை எடுத்தான்.

“வனிதா, கடையில நிக்கிறேன். ஒனக்கு எப்படி வேணும்னு நீ சொல்லுத்தா.”

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஒரு கையால மடக்குற மாதிரி இருக்குமாண்ணே?”