வல்லரசு அழும் விதம்

குலசாமி கோயிலில் அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் யார் கண்ணுக்கு எது பட்டிருக்கும் என்பது விளங்கும்.

சாமியைப் பார்த்த பலகையில் என் தம்பி ராம்குமார். அவன் மடியில் என் மகன் வல்லரசு. வயது இரண்டு, மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் காது குத்த வந்த வேலுசாமி ஆசாரி. அவருக்கு வலப்புறம் ஜமுக்காளத்தில் என் மாமனார் சிவனாண்டி. நாத்தனார் காளீஸ்வரி உட்காரவில்லை. அவள் ஒரு கையிலிருந்த போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். மறு கையிலிருந்த போனில் கம்பளிக் குல்லாவோடு என் வீட்டுக்காரர் பாண்டிதுரை, பட்டாளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சுந்தரபாண்டியத்திலிருந்து வேனில் வந்த சொந்தக்காரப் பெண்கள். பூசாரி மட்டும் தள்ளிப் போய்த் தூணோரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளை முகத்தில் திருநீறு ஊத வேண்டாம் என்று நான் கும்பிட்டுக் கேட்டதில் அவருக்கு வருத்தம். நான் தம்பியின் இடது தோளை ஒட்டி, சளி உறிஞ்சும் மெஷினை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வல்லரசு குறைமாதத்தில் பிறந்தவன். வாய்வழியே குழாய் விட்டு வெகுநாள் மூச்சுக் கொடுத்ததில் அவன் மூச்சுக்குழல் உள்ளே சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தில் துளை போட்டுச் சிறிய குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மூச்சு அதன் வழியே போய் வருகிறது. தொண்டைக்கு ஏறுவதில்லை. ஆகவே அவனுக்குச் சத்தம் கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் தரையைத் தட்டுவான். அழுதாலும் சத்தம் வராது, வாய் மட்டும் திறக்கும்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள்.

வல்லரசின் கட்டைவிரல் உள்ளே மடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் முழுக்கத் திறந்துகொண்டது. குழாயில் காற்று சீறியது. குலவைச் சத்தத்தில் அந்தச் சீறல் யாருக்குக் கேட்கும்?

"அடேங்கப்பா!" என்றார் ஆசாரி. "எத்தனையோ காது குத்தியாச்சு. இப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரன நா பாத்ததில்ல."

"யாரு பேரன்?" என்று மாமனார் தொடையைத் தட்டினார். "இவன் அப்பன் காது குத்தையில ஊரே ஓடி வந்துச்சு, அம்புட்டு அழுக. அம்மணக்குண்டியா எந்திரிச்சு ஓடிட்டான்."

"ஐயா, பட்டாளத்துல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காக," என்று போனிலிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏலே வல்லரசு, அழவே இல்லையேலே! சிங்கம்லா நீ!"

"அவன் அழுதான்," என்றேன்.

அடுத்த காதுக்கும் குலவை ஏறிவிட்டது.

அழுதால் அவனுக்குச் சளி கூடும். சளி கூடினால் குழாய் அடைக்கும். இரண்டாவது காது முடிந்ததும் சீறல் நின்றுபோனது. உதடு கருத்தது. தம்பி அவனை உயரத் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பிடுங்கி ஜமுக்காளத்தில் கிடத்தி, மெஷினை ஓடவிட்டுச் சளியை எடுத்தேன். மறுபடி காற்று போய் வந்தது. நிறம் திரும்பியது.

"என்னளா ஆச்சு? ஆகாசமா தெரியுது," என்றார் காளீஸ்வரி கையில் மேல்நோக்கித் திரும்பியிருந்த போனிலிருந்து அவர்.

"ஒண்ணுமில்லண்ணே. மதினி சளி எடுக்குறாக," என்றாள் காளீஸ்வரி.

"அவ பாத்துக்கிடுவா."

"கறி வெந்துருச்சு, எல்லாரும் வாங்க," என்று மாமனார் எழுந்தார். பந்தியில் என்னைப் பற்றித்தான் பேச்சு. மாரிக்கனி மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டாள், நர்ஸ் கெட்டாள் போ என்றார்கள். இலையை நான் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து போட்டார்கள். பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. மெஷின் குப்பியில் கிடந்த சளியைப் பார்த்துக்கொண்டு யார்தான் சாப்பிடுவார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவன்மேல் உயிர். காளீஸ்வரி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறாள். குழாய்க்கு அடியில் வைக்க நல்ல துணியாகப் பார்த்து வாங்கி வருவாள். மாமனார் கரண்டு போனால் முதலில் மெஷின் பேட்டரியைத்தான் கேட்பார். ஆனால் குழாயைத் தொட எவரும் வருவதில்லை. மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: "உங்களைத் தவிர இது வேற யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது என்பேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல். கண்ணை மூடினால் தரை தட்டுகிற சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று, அவன் கையை என் கையோடு துண்டால் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

காதுகுத்து முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டில் தங்கினோம். சாயங்காலம் அவனைக் கேட்டேன்.

"ராம்குமாரு, பிள்ளை அழுதது ஒனக்குத் தெரிஞ்சுதால?"

"மடியிலதானக்கா இருந்தான். ஒடம்பு உதறுச்சு. கூச்சத்துல நெளியுதான்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."

"நீ ஒருத்தன் கத்துக்கிட்டாலும் போதும்டா."

"எனக்கு அந்த மெஷின் ஓடுற சத்தம் கேட்டாலே கொமட்டுதுக்கா. கோவப்படாத. வேற என்ன வேணாலும் சொல்லு, மலையேறச் சொன்னாலும் ஏறுதேன்."

"மலையில எனக்கு என்னல சோலி?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குமேல் அவனிடம் கேட்க ஒன்றுமில்லை.

பிறகு வீட்டுக்காரர் போன் வந்தது. லீவு கிடைத்துவிட்டதாம். கொத்தனாரிடம் பேசி வைக்கச் சொன்னார், வந்ததும் மாடியில் ஒரு அறை எடுத்துவிடலாம் என்று.

"அறை இருக்கட்டும். வந்ததும் மதுரையில என்னோட ஆஸ்பத்திரியில தங்குங்க. குழாய் மாத்த, சளி எடுக்க, எல்லாம் ஒங்களுக்கும் சொல்லித் தருவாக."

"நீதான் டாக்டர் மாதிரி பாக்கியே, பொறவென்ன?"

"நான் ஒருத்திதான் பாக்கேன்."

"என்ன மாரி, நல்ல நாள் அதுவுமா. பய எம்புட்டுத் தைரியமா இருந்தான்! ஒரு சொட்டு அழுக உண்டா? நா கண்ணால பாத்தேன்ல."

நான் சொல்ல வாயெடுப்பதற்குள், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.

அவர் கண்ணால் பார்த்தது உண்மை. அதுதான் என்னை உலுக்கியது. இத்தனை பேர் கண்ணால் பார்க்க என் பிள்ளை அழுதிருக்கிறான், ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படியே போனால், நான் அயர்ந்த ஒரு பொழுதில் இவர்கள் எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தும் அவன் போய்விடுவான்.

போனில் இதைச் சொல்லி முடிக்க எனக்கு வராது. எழுத வரும். தம்பி மகள் நோட்டில் நடுத்தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டேன். கடிதம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைதான் தெரியும். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். பொருள் என்ற இடத்தில், "மகன் வல்லரசு அழும் விதம் குறித்து" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். புருஷனுக்கு எழுதுகிற கடிதமா இது என்று தோன்றியது. இருந்தாலும் மாற்றவில்லை.

"அன்புள்ள உங்களுக்கு. இங்கு அனைவரும் நலம் என்று எழுத மாட்டேன். காளீஸ்வரி உங்களுக்கு அனுப்பிய காதுகுத்து வீடியோவைச் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். என் தம்பி முகத்தையும் ஆசாரி கையையும் பார்க்க வேண்டாம். பிள்ளையின் இடது கையைப் பாருங்கள். முதலில் கட்டைவிரல் உள்ளே மடங்கும். பிறகு கழுத்து நரம்பு எழும்பும். பிறகு வாய் திறக்கும். நீங்கள் சிங்கம் என்று சொன்னபோது வாய் திறந்துதான் இருந்தது. அதற்குப் பெயர் அழுகை. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அவன் மாமன் மடியில் வைத்திருந்தும் தெரிந்துகொள்ளவில்லை.

"இந்த வீட்டில் அவன் அழுவது தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் குளிக்கப் போகும்போது அவன் அழுதால் அது யாருக்கும் தெரியாத அழுகை. லீவில் மாடி அறை வேண்டாம். மதுரைக்கு வாருங்கள். பழகும் வரை இருந்து கற்றுக்கொள்ளுங்கள். முதல் தடவை கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. நீங்கள் வருவதாக இருந்தால் டாக்டரம்மாவிடம் இடம் சொல்லி வைக்க வேண்டும். போனில் மற்ற பேச்சு பேசாமல், வருகிறேன் அல்லது வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். இப்படிக்கு, மாரிக்கனி."

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். 'சிங்கம்' என்ற இடத்தை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

மறுநாள் காலை வல்லரசை இடுப்பிலும் மெஷின் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். தம்பி வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். மேசைமேல் டப்பாவில் பசை காய்ந்து கிடந்தது. தண்ணீர் தொட்டுக் குழைத்து உறையை ஒட்டினேன். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. பிள்ளையை மேசைமேல் உட்காரவைத்து, அவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுத்தி ஒட்டும்வரை நின்றேன். ரிஜிஸ்டர் தபால் என்றேன். கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டு, பட்டாளத்து விலாசத்தை வாய்விட்டு ஒரு முறை படித்துச் சரிபார்த்து, முத்திரை குத்தி, பின்னால் தொங்கிய பையில் போட்டாள்.