ஒன்பது ‘பரவாயில்லை’

சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று மனைவி கேட்டால் ஒரு கணவன் என்ன சொல்ல வேண்டும்? போகக் கூடாது என்று சண்டை போடலாம். உன் இஷ்டம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். நானும் வருகிறேன் என்று சொன்னால் அதைவிட வேறென்ன வேண்டும்? சுடலைமுத்து இவற்றில் எதையும் சொல்லவில்லை. ‘பரவாயில்லை’ என்றான். டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

பிரவீனா தோசைக்கல்லைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணிச்சல் வராமல்தான் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டிருந்தாள். கருகின வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைக்கத் தோன்றியது. ஐந்து வருஷக் குடித்தனத்தை ஒருத்தன் ஒற்றை வார்த்தையில் தட்டிவிட்டுப் போக முடியுமா?

அது நடந்து மூன்று வாரமாகிறது. அதன் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் காதல் கல்யாணம். அவள் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற வீட்டுப் பெண். அவன் நாங்குநேரியிலிருந்து பிழைக்க வந்து, மத்திகிரியில் அவளுடைய சித்தப்பா கட்டி வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தவன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. நாள் முழுக்க இரும்புத் தகட்டை மிஷின் அடிக்கும், இவன் எடுத்து வைப்பான். அந்தக் காலத்தில் போனில் பேசிப் பேசியே இருவருக்கும் காது சூடாகிவிடும். இப்போது அவள் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. ‘என்ன?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை வரும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்தாலும் ஒரு ‘ம்’ வராது. எப்போதாவது பேசினாலும் கத்துகிற மாதிரிதான் பேசுவான். இரண்டு வருஷமாக இப்படித்தான். ஆசை தீர்ந்துபோன ஆள் என்று பிரவீனா முடிவு கட்டியிருந்தாள்.

அவள் வேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. கம்பெனியோ அரசாங்கமோ ஒரு திட்டம் நடத்தினால், அதனால் மக்களுக்கு நிஜமாகவே நல்லது நடந்ததா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு அறிக்கை எழுத வேண்டும். திட்ட மதிப்பீட்டாளர் என்று பெயர். பக்கத்து வீட்டு நாராயணம்மாவுக்கு அவள் என்றைக்கும் ‘ஜனத்தொகை எழுதற பொண்ணு’தான்.

அந்தச் சனிக்கிழமை, பாகலூர் ரோட்டில் ஓர் ஓட்டலின் மாடி ஹாலில் மதிப்பீட்டாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி. தொழிலைக் கூர்தீட்டிக்கொள்ளவும் ஆள் பழகிக்கொள்ளவும் நாற்பது பேர் வந்திருந்தார்கள். வேலை தருவதாகச் சொன்ன சென்னை நிறுவனத்தின் ஜோதிமணி மேடமும் வந்திருந்தார்.

“இன்னிக்குச் சாயங்காலம் கடைசிம்மா. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்” என்று காபிக் கோப்பையோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிரவீனா சரி என்று சொல்லும் முடிவோடுதான் வந்திருந்தாள். ஓசூரில் அவளைக் கைப்பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்?

முதல் ஒரு மணி நேரம் அறிமுகம். முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் போய்ப் பேசி விசிட்டிங் கார்டு வாங்கி வர வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த வினோதா, பிரவீனாவின் கார்டை வாங்கியதோடு பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஊரெல்லாம் கதவைத் தட்டித் தட்டிக் கேள்வி கேக்கறோம். நமக்குள்ள பேசிக்கங்கன்னா எல்லாரும் செவுரோரம் நின்னுகினு இருக்கறத பாரேன்” என்றாள்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஜெகதீஷ் மேஜைக்குப் பத்துத் தாளாக விநியோகித்தார். கன்னடம் இழையோடும் தமிழ் அவருக்கு. சத்தம் அதிகமுள்ள பிரஸ் ஷாப்புகளில் தொழிலாளர்களுக்குக் காது பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற ஒரு திட்டம். அதற்காக எடுத்த பேட்டிப் படிவங்களின் நகல்கள் அவை. பெயர், கம்பெனி, முகவரி எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

“பயிற்சிக்கு உபயோகிச்சுக்க எல்லாரும் சம்மதம் கொடுத்திருக்காங்க. தெரிஞ்சவங்க பேப்பர்னு தோணினா அந்த நிமிஷமே கவுத்து வெச்சிடணும். வெளிய போய் அவங்ககிட்ட அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது” என்றார்.

பிரஸ் ஷாப் என்றதும் பிரவீனாவுக்குச் சுடலைமுத்து ஞாபகம் வந்தது. சிப்காட்டில் பிரஸ் ஷாப்புக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு பதிலுக்கும் எண் போட வேண்டும். மோசம் என்றால் ஒன்று, சுமார் இரண்டு, திருப்தி மூன்று, மிகவும் திருப்தி நான்கு. ‘பரவாயில்லை’ என்று ஒருவர் சொன்னால் மூன்று போடுவது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது.

வினோதா ஒரு தாளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். “இருபத்தேழாம் நம்பர் ஆளைப் பாரு. பத்துக் கேள்வி. ஒன்பதுக்கு ‘பரவாயில்லை.’ ஒண்ணுக்கு வெறும் சிரிப்புன்னு எழுதியிருக்கு. கட்டினா இப்படி ஒரு ஆளைக் கட்டணும்டி. ஒரு கொறை சொல்ல மாட்டான்.”

“என் வீட்ல ஒண்ணு இருக்கு. வேணும்னா கூட்டிகினு போ” என்றாள் பிரவீனா. மேஜையே சிரித்தது.

சிரித்துக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தவள் நான்காம் கேள்வியில் நின்றாள். ‘பிரஸ் ஷாப்பில் எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள்?’ அதற்குப் பதில்: ‘பரவாயில்லை.’ பக்கத்தில் மூன்று என்று எண் வேறு.

“இவருக்குத் திருப்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள். “எத்தனை வருஷம்னு கேட்டா யாராவது பரவாயில்லைன்னு சொல்வாங்களா? இவருக்குக் கேள்வி காதுல விழல. எதைக் கேட்டாலும் ஒத்துப்போற மாதிரி ஒரு வார்த்தையைக் கையில வெச்சிருக்காரு.”

ஜெகதீஷ் எழுந்தே வந்துவிட்டார். “இதுக்குத்தான் இந்தப் பேப்பரைக் கொண்டுவந்தேன். மூணு ஊர்ல பயிற்சி கொடுத்தேன், ஒருத்தரும் பிடிக்கல. பேட்டி எடுத்தவர் படிவத்தைக் குனிஞ்சு பாத்தே கேட்டிருக்கார், அவருக்கும் கடைசியிலதான் சந்தேகம் வந்திருக்கு. பேனாவை அவர் கையிலயே கொடுத்துட்டார். பின்பக்கம் அவரே எழுதினது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி நீங்களே படிங்க.”

மைக் அவள் கைக்கு வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள்.

“எனக்கு இடது காது சுத்தமா கேக்க மாட்டுக்கு. வலது காது பாதி கேக்கும்.”

“திருநெல்வேலிக்காரரு” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அவளும் சிரித்தாள். ‘மாட்டுக்கு’ அவள் வீட்டில் தினமும் புழங்குகிற வார்த்தை.

“ரெண்டு வருசமா இப்படித்தான். எதிர்ல நின்னு பேசுனா உதட்டப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவேன். போன்ல முடியாது. கம்பெனியில சொன்னா அனுப்பிருவாவன்னு சொல்லல. வீட்டுலயும் சொல்லல. வீட்டுக்காரி அடுப்பப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டே பேசுதா. என்னன்னு வெளங்காது. பரவாயில்லன்னு சொல்லிருவேன். முக்காவாசி அது சரியாத்தான்...”

‘இருக்கும்’ என்ற அடுத்த வார்த்தையில்தான் கவனித்தாள், ‘ரு’வின் வால் மேலே ஏறிச் சுழித்திருந்தது. மளிகைச் சீட்டில் ‘துவரம்பருப்பு’ என்று மாதாமாதம் அவள் பார்க்கிற அதே சுழிப்பு. கண் அவளைக் கேட்காமலே அடுத்த வரிக்கு ஓடிவிட்டது.

‘அவ வீடு வீடாப் போயி கேள்வி கேக்குத வேலை பாக்கா. ஒருத்தரு விடாம எல்லாத்தையும் கேப்பா. எங்கிட்டதான்...’

தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கையை அதன்மேல் அழுத்திக்கொண்டாள், காற்றில் பறந்துவிடப் போகிற மாதிரி.

“என்னாச்சு, படியேன்” என்றாள் வினோதா.

ஹாலில் நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன. ஏ.சி. உறுமுவது கேட்டது. கீழே ரோட்டில் லாரி பின்னால் வருகிற பீப் ஒலி, யாரோ ஸ்பூனைத் தட்டில் வைத்தது, வினோதாவின் வளையல், தன் மூச்சு மைக்கில் இரைவது. இத்தனையும் கேட்டது. கேட்பதே ஏதோ திருட்டுக் காரியம் போலிருந்தது. எடுக்காத போன்கள். பைக்கில் வராத ‘ம்’. அவன் கத்திக் கத்திப் பேசியதைக் கோபம் என்று நினைத்து அவள் முகம் திருப்பிக்கொண்ட ராத்திரிகள். திருப்பிக்கொண்ட அந்த முகத்தால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவனுக்கு இருந்த கொஞ்ச வழியையும் அவளே அடைத்திருக்கிறாள். முதுகு காட்டி நின்று, போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஜெகதீஷ் பின்னாலேயே வந்தார்.

“தெரிஞ்சவரா?”

தலையாட்டினாள்.

“யாருன்னு கேக்க மாட்டேன்” என்றார். அவர் முகமும் வெளுத்திருந்தது. “பேரை அடிச்சா போதும்னு நினைச்சுட்டேன். கையெழுத்தை டைப் பண்ணிக் கொண்டு வந்திருக்கணும். இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தப்பு. என்னைத்தான் சொல்லணும்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா அம்மா, அவர் நம்பி எழுதினார். அவரா சொல்ற வரைக்கும்...”

“தெரியும் சார். நானும் இதே வேலைதான் பாக்கறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா? இந்தப் பேப்பர்ல இருக்கறதில்ல. நான் மூணு வாரம் முன்னாடி கேட்டது.”

ஜெகதீஷ் யோசித்தார். “அது உங்க கேள்வி. தாராளமா கேளுங்க.”

பிற்பகல் முழுவதும் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு ஜோதிமணி மேடம் கார் சாவியோடு வந்து நின்றார்.

“என்னம்மா, முடிவு?”

“வீட்ல இன்னும் கேக்கல மேடம்.”

“மூணு வாரமாச்சு, இன்னுமா கேக்கல?”

“ஆமா மேடம். இன்னும் கேக்கல.”

மேடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டறதுக்குள்ள நானே கூப்பிடறேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

கீழே சுடலைமுத்து பைக்கில் காத்திருந்தான். அவள் பின்னால் ஏறிக்கொள்வாள் என்று சற்று முன்னால் நகர்ந்து இடம் விட்டான். பிரவீனா சுற்றிப் போய் பைக்கின் முன்னால் நின்றாள். ஹேண்டில்பாரில் கை வைத்தாள்.

“ஏட்டி, ஏறலையா?” என்றான் சத்தமாக. பெட்டிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். கழற்றினான். தானும் கத்த வேண்டும் என்று வாய் துடித்தது, அடக்கிக்கொண்டாள். எப்போதும் பேசுகிற குரலில், அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்குச் சென்னையில வேலை கெடச்சிருக்கு.”

அவன் பார்வை அவள் உதட்டில் இருந்தது. இத்தனை நாள் அதை என்னவென்று நினைத்திருந்தாள்? அவன் முகம் மெல்ல மெல்ல இருண்டது.

“எப்போ?”

“மூணு வாரமாச்சு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொன்னேனுங்க. நீங்க பதில்கூட சொன்னீங்க.”

சுடலைமுத்து எஞ்சினை அணைத்தான். பிறகு நிமிர்ந்து, “எங்க நின்னு சொன்ன?” என்றான்.

“அடுப்புக்கிட்ட.”

அறைபட்டவன் போல உட்கார்ந்திருந்தான். அவள் காத்திருந்தாள். வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது.

“ஒரு விசயம் சொல்லணும்” என்றான் கடைசியில். “முன்னாடியே சொல்லிருக்கணும்.”

சொன்னான். இடது காது, வலது காது, கம்பெனி டாக்டருக்குத் தெரியாமல் தனியாகப் போய் வேறொரு டாக்டரைப் பார்த்தது, மிஷின் அருகிலேயே இருந்தால் மிச்சமும் போய்விடும் என்று அந்த டாக்டர் சொன்னது. கடைசியாகச் சொன்னது அவள் படித்த வரிகளில் இல்லாதது, அவள் அறிந்திராதது. அவள் அழுதாள். புதிதாகக் கேட்பவள் போல நடிக்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டு வந்திருந்தாள். நடிப்புக்கு வேலையே இருக்கவில்லை.

“போவாதன்னு சொல்லத்தான் வாய் வருது” என்றான். “ஆனா செவிடனுக்குத் துணையா இங்கயே கெடன்னு சொல்லுத மாதிரி ஆயிரும். அதனால நீ போ பிள்ள.”

“மூணு வாரமா நான் எதுக்கு அழுதேன்னு நெனைக்கறீங்க? நீங்க போகாதன்னு சொல்லலைன்னுதான்.”

அவள் ஒரு அடி நெருங்கி நின்றாள்.

“ரெண்டு பேரும் போலாமா? பிரஸ் ஷாப்ப விட்டுட்டு?”

“அங்க போயி நான் என்ன செய்ய?”

“தெரியல. சத்தம் இல்லாத வேலையா ஏதாவது. மொதல்ல நல்ல டாக்டரைப் பாப்போம். மிச்சம் இருக்கற பாதியையாவது காப்பாத்திக்கலாம்.”

அவள் பையில் போன் அடித்தது. அவனுக்கு அது எட்டவில்லை. அவள் கண் பையின் பக்கம் போனதைத்தான் பார்த்தான்.

“போன் அடிக்குதா?”

“ஆமா. அந்த மேடம்தான்.”

சுடலைமுத்து ஹெல்மெட்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“மொகத்தத் தொடச்சிட்டு எடு. ரெண்டு பேரு வாரோம்னு சொல்லு.”

பிரவீனா அவன் முகத்துக்கு நேராக நின்றபடியே போனைக் காதில் வைத்தாள்.