கோன்பெய்யை வெட்டுவதா

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. ஜப்பானில் தோயாமா மலைப்பக்கம், எங்கள் அடுத்த வீட்டில் தமாயோ தன் கணவர் தொகுஜியைப் பார்த்துக் கத்தினாள்: "முதல்ல எங்க அண்ணனை வெட்டுங்க!" ஓடிப்போய் நோட்டை எடுத்தேன்.

முதல் தொடக்கம்: "பனித் தேவதை தன் வெண்சிறகை—"

(அடித்துவிட்டேன். மார்ச் மாத ஈரப்பனி தேவதை அல்ல, நனைந்த மெத்தை.)

2

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொகுஜி நானூறு சுகி, அதாவது ஊசியிலை மரக்கன்று நட்டார். வளர வளர நடுநடுவே வெட்டி இடம்விட வேண்டும். அவர் வெட்டவில்லை. ஒன்றுக்கு மனைவியின் பெயரையும் மற்றவற்றுக்கு அவள் உறவுக்காரர் பெயரையும் வைத்துப் பலகை மாட்டியிருந்தார்.* யாரை வெட்டுவது?

* அத்தனை உறவா என்று எனக்கும் சந்தேகம்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டியலையும் சேர்த்துக்கொண்டாராம்.

3

நேற்று ஈரப்பனி கொட்டியது. தலை பெருத்த கோன்பெய் மரம், அதாவது அண்ணன், சுமை தாங்காமல் தமாயோ மரத்தின்மேல் சாய்ந்தது. ஒல்லியான தமாயோ வளைந்து தரையைத் தொட்டாள். துளிர்விடுவதற்குள் கயிறு கட்டி நிமிர்த்தாவிட்டால் ஆயுசுக்கும் கூன்தான். நிமிர்த்த வேண்டுமென்றால் கோன்பெய் போக வேண்டும்.

"அப்பவே வெட்டுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"உங்கண்ணன் மனசு நோகும்ல?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"கயிறு இழுக்க அவரத்தான் வரச் சொல்லிருக்கேன்."



4

கோன்பெய் ரம்பத்தோடு வந்தார்.

முடிவு அ: பலகை பனியில் புதைந்துபோயிருந்தது. (தொகுஜிக்கு நிம்மதி, எனக்குச் சப்பென்று இருந்தது.)

முடிவு ஆ: படித்துவிட்டுச் சிரித்தார். (அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.)

நடந்தது இதுதான். கையுறையால் பலகையைத் துடைத்தார்.

"மாப்ள, இது நானா?"

"ஆமா மச்சான்."

"அடியில நசுங்குறது?"

"தமாயோ."

 பிறகு ரம்பத்தைத் தங்கையிடம் நீட்டினார். "சின்ன வயசுலேருந்து உன்மேலதான் சாஞ்சுக்கிட்டிருக்கேன். நீயே அறு தங்கச்சி."

காலையிலிருந்து வெட்டு வெட்டு என்று கத்தியவள் ரம்பத்தை வாங்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "ஏண்ணே, வேற வழியே இல்லையா?"



5

முடிவை எழுதலாம்தான். ஆனால் தொகுஜி என் கையில் கயிற்றைத் திணித்துவிட்டார், பேனா பிடிக்க முடியவில்லை. நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்? வந்து ஒரு முனையைப் பிடியுங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். அறுக்கச் சொல்வதா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள், துளிர் விடப்போகிறது.