ஒரு சாண் வேலியும் தேன்சிட்டுக் கூடும்

கல்லடியில் வாவிப் பக்கமாக உள்ள ஒழுங்கை ஒன்றில் கேதீஸ்வரியும் நல்லரத்தினமும் அடுத்தடுத்த வளவுக்காரர். கேதீஸ்வரிக்குத் தபால் கந்தோரில் வேலை. லீவு நாளென்றால் கழுத்தில் கமராவைக் கொழுவிக்கொண்டு வாவிக்கரைப் பூங்காவுக்குப் போய் நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் எடுப்பாள். அதுவரைக்கும் நல்லரத்தினத்துக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இந்த வைகாசியில் அவள் பூங்காவை விட்டுவிட்டு, காலையும் மாலையும் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியைப் படமெடுக்கத் தொடங்கினாள்.

அவள் எடுத்தது வேலியை அல்ல. வேலிக்கு நட்ட பூவரசங் கதியால் ஒன்று துளிர்த்துக் கிளை விட, அதில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சு. நல்லரத்தினத்தின் கண்ணில் அது காய்ந்த சருகாகத்தான் பட்டது.

அவர் மனம் வேறெங்கே போகும், சொல்லுங்கள் பிள்ளைகளே? போன வருஷம் வேலி அடைக்கும்போது, கேதீஸ்வரி ஊரில் இல்லாத நாள் பார்த்து, கதியால்களை ஒரு சாண் அவள் பக்கம் தள்ளி நட்டவர் அவர். அது தெரிந்த ஒரே ஆள் மனைவி புஸ்பம்.

எல்லை வழக்குக்கு மத்தியஸ்த சபையில் இப்போது படமும் பார்க்கிறார்களாம் என்று சந்தையில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. அவள் குந்தியிருந்து எடுத்தால், கதியாலின் அடியை எடுக்கிறாள் என்று நினைத்தார். வாங்குப் பலகையில் ஏறி எடுத்தால், வேலியின் நீளத்தை எடுக்கிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டாச்சா அண்ணன் என்று கேட்ட நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அவள் சும்மா சிரிக்கிறாள். நீங்கதான் கோழி களவெடுத்த ஆள் மாதிரி முழிக்கிறீங்க,” என்றாள் புஸ்பம்.

அடுத்த சனிக்கிழமை விடிய, கதியால் பெயர்க்கும் அலவாங்கோடு வந்து, வேலியைப் பழைய இடத்துக்கே மாற்றத் தொடங்கினார். பாதி வேலி பெயர்ந்த பிறகுதான் கேதீஸ்வரி சத்தம் கேட்டு ஓடி வந்து, கூடு தொங்கிய கதியாலைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன், இதை மட்டும் அசைக்காதீங்க. குஞ்சு பறக்க இன்னும் பத்து நாள் இரிக்கி.”

மற்றதெல்லாம் பின்வாங்கி, இது ஒன்று மட்டும் அவள் வளவுக்குள் தனித்து நின்றால்? அதை ஒரு படம் எடுத்தால் போதுமே. இதுதான் பொறி என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

“ஒரு சாண் தள்ளி நட்டது பிழைதான்,” என்றார், அவள் கேளாமலே. “அதுக்காகப் படத்தைக் காட்டி என்னைச் சபைக்கு இழுக்காத தங்கச்சி.”

கேதீஸ்வரிக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. முகம் சிவந்தது. ஆனாலும் கை கதியாலை விடவில்லை. குஞ்சுகள் பறக்கிற படத்துக்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், கமராவைப் பையோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். எடுத்த படமெல்லாம் இதற்குள்தான், பறக்கும்வரை நீங்களே வைத்திருங்கள், கதியாலைத் தொடாதீர்கள் என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார். நம்பவில்லை. போனிலும் படம் எடுக்கலாமே. மற்றக் கதியால்களை மாற்றி நட்டு முடித்ததும், தன் பக்கத்தில் கதிரையைப் போட்டு, மடியில் கமராப் பையோடு பகல் முழுக்கக் காவல் இருந்தார். காகம் வந்தால் கல்லெடுத்தார். காகத்தைப் படமெடுக்கும் சாட்டில் அவள் வந்துவிடுவாள் என்ற பயம்.

ஒன்பதாம் நாள் கேதீஸ்வரி வேலை முடிந்து வந்தபோது கூடு வெறுமையாக ஆடியது. நல்லரத்தினம் வேலிக்கு மேலால் கமராவை நீட்டினார்.

“போயிட்டுதுகள். ஒண்டு காலையிலயே. மற்றது பயந்து பயந்து மத்தியானம்தான்.”

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எப்படிப் பறந்தது, தாய் பக்கத்தில் நின்றதா, எந்தப் பக்கம் போனது என்று கேட்டாள்.

அவர் அவள் கைகளைப் பார்த்தார். போன் இல்லை.

“என்னத்துக்குக் கேக்கிறாய்?”

“நான் பாக்கல்லையே அண்ணன்.”

அவர் கதிரையைத் தூக்கி வேலிக்கு மேலால் அவளிடம் கொடுத்துவிட்டு, முதல் குஞ்சு கூட்டு வாசலில் தலை நீட்டியதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.