ஆனையூர் வரை குலுங்காமல்

அத்திம்பேர் சீதாராமனுக்கு ஒரு கண் ஏற்கெனவே நாட்டு வைத்தியத்தில் போய்விட்டது. மிஞ்சிய கண்ணிலும் புரை முற்றியதால், ஐப்பசி மாதம் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம். கண் கட்டை நான் சொல்லும்போதுதான் பிரிக்க வேண்டும். போகிற வழியில் குலுங்கக் கூடாது. உள்ளே புண் ஆறவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றினீர்களானால் இந்தக் கண்ணும் போய்விடும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாட்டு வண்டியில்தான் போனார். வீட்டில் கார் இருந்தும் அப்படி. அது அத்திம்பேர் பத்து வருஷத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் வாங்கிய பழைய கார். கண் மங்கியபின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் ஆனையூரிலிருந்து கிளம்பும்போது குதிரை மாதிரி கிளம்பும். செல்லூர் வந்ததும் இருமி, விக்கி, நின்றுவிடும். நவராத்திரிக்கு அப்புறம்தான் இந்த வியாதி. வாடகைக் கார்க்காரர்களோ ஆனையூர் வண்டிப்பாதை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் காரை நானேதான் சரிபண்ணியாக வேண்டும்.

எனக்கு அப்பா முகம் ஞாபகமில்லை. அக்கா அகிலாண்டத்தைக் கல்யாணம் செய்துகொண்டபோது அத்திம்பேர் என்னையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்தார். அப்போது அவருக்குச் சோழவந்தானில் வேலை. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், பிறகு கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகமும் பார்த்துக் கொடுத்தார். இதையெல்லாம் அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது.

கச்சேரியில் கடிதம் எழுதுகிற முறையிலேயே நான் காரையும் பார்த்தேன். ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம் என்பதுபோல, ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம். மற்றதைத் தொடக் கூடாது. முதல் நாள் செல்லூரில் நின்றதும், கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் டாங்கி மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டி ஹாண்டிலைச் சுற்றினேன். உடனே கிளம்பியது. பிளக்தான் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாளும் அதே இடத்தில் நின்றது. குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். கிளம்பியது. அதற்கு அடுத்த நாள் கம்பிகளை இறுக்கினேன். கிளம்பியது. ஒவ்வொரு நாளும் வைத்தியம் பலித்தது. மறுநாள் வியாதி திரும்பி வந்தது.

தெருவில் பாவு ஓட்டிக்கொண்டிருந்த நெசவாளி ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னைக்கும் வந்துட்டீகளா? எங்க தெரு மேல உங்க காருக்கு அம்புட்டு ஆசை!" என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால், கட்டுப் போட்டு மல்லாந்து படுத்திருக்கும் அத்திம்பேர் காலடிச் சத்தத்திலேயே என்னைக் கண்டுகொள்வார்.

"என்னடா பிச்சு, வண்டி என்ன சொல்றது?"

"பாத்துண்டிருக்கேன், அத்திம்பேர்."

"பிளக்கைப் பார்றா. பிளக்காத்தான் இருக்கும்."

"தலையை அசைக்கப்படாதுன்னு சொல்லியிருக்கா. நீங்க பேசாம படுங்கோ. காராம், பிளக்காம்!" என்று அக்கா அதட்டினாள்.

வியாழக்கிழமை கச்சேரிக்கு லீவு போட்டேன். கடைசி ஓட்டம். தள்ள வேண்டி வந்தால் ஆள் வேண்டுமே என்று அடுத்த வயல்காரர் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டேன். என் மனைவி ஸ்யாமளாவும், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய ஒரு சொம்புடன் வந்து பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அண்ணா உக்காரப்போற இடம். எம்புட்டு குலுங்கறதுன்னு பாக்க வேண்டாமா?" என்றாள். அத்திம்பேரை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மதுரைப் பக்கம் வந்தபின் அவள் பேச்சில் இந்த 'எம்புட்டு' ஏறிவிட்டது.

வெள்ளைத்துரை சிரித்தார். "தங்கச்சி சொல்றதுதான் சரி. நானும் காருல உக்காந்தே வாரேன். இன்னைக்காச்சும் தள்ளவிடாதீக, சாமி."

தள்ளத்தான் வேண்டியிருந்தது. செல்லூர் எல்லையில் கார் வழக்கம்போல விக்கி நின்றது. இருவரும் ஓரமாகத் தள்ளினோம். நாளைக்கு இதே இடத்தில் அத்திம்பேரை வைத்துக்கொண்டு நின்றால், கண்ணைக் கட்டிய மனுஷரை வெயிலில் இறக்கி மாட்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும். பழக்கத்தில் மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு மூடியைத் திருகினேன்.

"ஏன்னா, உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுதே, என்னது?" என்றாள் ஸ்யாமளா.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கவனம் குச்சியில் இருந்தது.

"எனக்கும் கேட்டுச்சு. பாம்பு சீறுன மாதிரி" என்றார் வெள்ளைத்துரை.

ஸ்யாமளா சற்று யோசித்தாள். "மண்ணெண்ணெய் டின்லே ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் கொட்டறதோ? கொஞ்சம் விழும், அப்புறம் நின்னுடும். எதிர் மூலையிலே இன்னொரு ஓட்டை போட்டு, காத்து உள்ளே போனாத்தானே கொட்டும்? இதுக்குக் காத்து எங்கேர்ந்து போறது?"

மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஓர் ஊசித் துவாரம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. வெள்ளைத்துரை வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்துக் கொடுத்தார். குத்தி நெம்பினேன். மஞ்சளாக, காய்ந்து கல்லாகிப் போன ஒரு துணுக்கு உள்ளங்கையில் விழுந்தது. சந்தனம்.

ஆயுத பூஜையன்று அத்திம்பேர் காருக்குத் தன் கையாலேயே சந்தனம் வைத்தார். கண் தெரியாததால் தடவித் தடவி, தாராளமாக வைத்தார். துவாரம் அடைத்துப் போயிற்று. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லாமல், பெட்ரோல் இறங்குவதே நின்றிருக்கிறது. கார் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் முதல் காரியமாக மூடியைத் திறந்திருக்கிறேன். காற்று போய்விட்டது. கிளம்பிய பெருமையைப் பிளக்குக்கும் கம்பிக்கும் கொடுத்திருக்கிறேன்.

"அப்ப அதையெல்லாம் சும்மாத்தான் கழட்டி மாட்டுனீகளா?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"சும்மாத்தான்."

"போகட்டும். பளபளன்னு இருக்கில்ல. அது ஒரு லாபம்."

ஸ்யாமளா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணாகிட்டே சொல்லிடாதீங்கோ. அவர் கையாலே வெச்ச சந்தனம்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார்" என்றாள்.

வெள்ளைத்துரை வாயின் மேல் விரல் வைத்துக் காட்டினார்.

அன்று கார் நகரத்துக்குள் போய், ஆற்றைத் தாண்டித் திரும்பி வந்தது. ஒரு விக்கல்கூட இல்லை. ஆனால் ஆனையூர்க் கண்மாய்க் கரையில் மழை அரித்த வண்டித்தடங்களில் இறங்கி ஏறியபோது, பாதிச் சொம்பு தண்ணீர் ஸ்யாமளாவின் மடியில் கொட்டிவிட்டது. மூவரும் அந்த ஈரத்தைப் பார்த்தோம். கார் சரி, பாதையை நான் எந்தத் திருப்புளி கொண்டு சரிபண்ணுவேன்?

"வாரேன் சாமி" என்று வெள்ளைத்துரை அங்கேயே இறங்கிக்கொண்டார்.

கட்டுப் பிரித்தபின் அத்திம்பேர் பேப்பர் படித்தார், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக்கூடப் படித்தார். அதெல்லாம் பிறகு. எனக்கு மனசில் நிற்பது அந்த வெள்ளிக்கிழமைக் காலைதான்.

காரின் பின் ஸீட்டில் தலையணைகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்து, அக்கா தோளோடு அணைத்துக்கொண்டாள். "என்னடா கோளாறு இருந்தது?" என்று கேட்டார்.

"காத்துப் போற துவாரத்திலே அழுக்கு."

"பிளக்குன்னு நெனச்சேனே!"

"அதையும் துடைச்சாச்சு."

செல்லூர் தாண்டியது. பாவு ஓட்டுகிறவர் கை தூக்கினார். கார் நிற்கவில்லை. அப்புறம் பாதை திரும்பியது. வேகத்தைக் குறைத்தேன்.

அத்திம்பேருக்கு அந்த வழி கண் இல்லாமலே தெரியும். "கண்மாய்க் கரை வரது, அகிலாண்டம். தூக்கிப் போடும், கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

தூக்கிப் போடவில்லை. நேற்றுச் சக்கரம் புதைந்த தடங்கள் முழுக்கச் செம்மண்ணும் சரளையும் கொட்டி, மேலே மணல் பரப்பி மிதித்திருந்தார்கள். மிதித்த கால்களின் விரல் அடையாளம்கூடக் கலையாமல் இருந்தது. கரை ஓரமாக வெள்ளைத்துரையும் அவர் வீட்டு ஆட்களும் மண்வெட்டியோடு, முழங்கால் வரை சேறாக நின்றார்கள். நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

"என்னடா, கரை வரலையா இன்னும்?"

"தாண்டிண்டிருக்கோம், அத்திம்பேர்."

"ரோடு போட்டுட்டாளா?"

"வெள்ளைத்துரை போட்டிருக்கார்" என்றேன்.

அத்திம்பேர் "நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். அத்திம்பேர் இரண்டு கையையும் கூப்பினார். கட்டுப் போட்ட முகம் இடது பக்கம், வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வெள்ளைத்துரை நின்றதோ வலது பக்கம். நான் சொல்ல வாயெடுத்தேன். வெள்ளைத்துரை வேண்டாமென்று கையமர்த்தினார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். காரின் முன்புறமாகச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து, அந்தக் கூப்பிய கைகளுக்கு எதிரே நின்றார்.

"இங்கனதான் இருக்கேன், சாமி" என்றார். "வெயிலு ஏறுது. வீட்டுக்குப் போங்க."