வாய் மூடாத ஓடுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் டர்பன் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் குறையும். தரை அதிராது, நுண்ணோக்கியில் படம் கலங்காது. அதனால் ஜபுலிலேவுக்கு இரண்டு வருஷமாக ஞாயிறு என்று ஒன்று கிடையாது. இன்று சொந்த ஊரான எஷோவேயில் அத்தை மகள் கல்யாணம். இவள் மட்டும் ஆய்வகத்தில், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன டீயோடு.

எச்.ஐ.வி. கிருமி தன் மரபணுவை ஓர் ஓட்டுக்குள் பொதிந்து வைத்திருக்கும். சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கூம்பாக மூடும் ஓடு. அந்தப் பூட்டைக் கெடுக்கத்தான் அவள் சோதிக்கும் முப்பத்தொன்றாம் மருந்து. கெடுக்கவில்லை என்று அவளே அறிக்கை எழுதிவிட்டாள். நாளைக் காலைக் கூட்டத்தில் அந்த மருந்தை மூட்டை கட்டிவிடுவார்கள்.

மனசு கேட்காமல், கழித்துப்போட்ட படங்களைத் திறந்தாள். உடைசல், கோணல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முழு ஓடுகளை மட்டும் அளப்பதுதான் வழக்கம். கரும்பு வெட்டியவரின் மகள். கரும்பின் காய்ந்த சோகையைக் கழித்துக் கழித்துப் பழகிய கை. உட்கார்ந்து எண்ணினாள். மருந்து போடாததில் நூற்றுக்கு ஐந்து உடைசல். போட்டதில் அறுபத்தொன்று.

மருந்து வேலை செய்த இடத்தையெல்லாம் அவளே குப்பையில் கொட்டியிருக்கிறாள்.

துறைத் தலைவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்த அக்கா தோபிலே எடுத்தாள். பின்னால் பாட்டும் குலவையும்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரை, மாப்பிள்ளையவா? அப்பாடா!"

"வெளையாடாத. மருந்து வேலை செய்யுது. ஓடெல்லாம் உடைஞ்சு கெடக்கு. நான்தான் ஆறு மாசமா தூக்கிப் போட்டிருக்கேன்."

"உடைஞ்சா நல்லதா?"

"நல்லதுதான்."

"அப்புறம் எதுக்குடி அழுவுற?"

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொல்லணும்."

"சொல்லு. அந்தக் கிருமிக்குத் தெனம் மாத்திரை முழுங்குறவ நான். ஒன் மானம் போனா எனக்கென்ன? கறி ஆறுது. ஒன் பங்கை எடுத்து வைக்கவா, நாய்க்குப் போடவா?"

யாரோ கூப்பிட்டார்கள். தோபிலே போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள், அணைக்க மறந்துவிட்டாள்.

ஜபுலிலேவும் அணைக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, அறிக்கையில் 'பயனில்லை' என்ற வரியை அழித்தாள். பிறகு உடைசல்களை ஒவ்வொன்றாகக் குறியிடத் தொடங்கினாள். போனில் துணி உரசும் சத்தத்துக்கு நடுவே ஒரு கிழவரின் குரல் கேட்டது:

"ஒன் தங்கச்சி வரலியா?"

"அவளுக்கு வேலை."

அதற்குள் முரசு எழுந்து எல்லாவற்றையும் அமுக்கியது. திரையில் லாடம்போல வளைந்த ஓடு ஒன்று, வாய் பிளந்தபடி, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. அதைக் குறியிட்டாள். பிறகு அடுத்தது.